நடுவழியில் அறுந்த 'வேண்டாம்'

"ஐயா, காணியை விற்க வே..."

அழைப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. 2019ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுது அது. பேசியவர் சார்ஜாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை பார்க்கும் எமது பெரியப்பாவின் மகன். கேட்டுக்கொண்டிருந்தவர் வடமராட்சியில், தமது வீட்டுத் திண்ணையில், கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்த பெரியப்பா. அறுந்துபோன சொல் 'வேணும்' என்பதா, 'வேண்டாம்' என்பதா? மகளின் திருமணத்திற்குப் பட்ட கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வேளை. பெரியப்பா அதனை 'வேணும்' என்றே எடுத்துக்கொண்டார். மறுநாட் காலையில் அச்சாரம் கைமாறியது.

மகன் சொன்னது வேறு. "விற்க வேண்டாம், மூன்று மாதம் பொறுங்கோ, நான் காசு அனுப்புறன்" என்று அவர் முழுவதையும் சொல்லி முடித்திருந்தார். தொழிலாளர் விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து படியிறங்கி, இரவு வேலைக்குரிய பேருந்தை நோக்கி நடந்துகொண்டே பேசினார். பேசி முடித்த பின்னரே தொடர்பு நின்றிருப்பதைக் கண்டார். தாம் சொன்னது ஐயாவின் காதில் விழுந்துவிட்டது என்றே நம்பினார். மறுநாள் மீண்டும் அழைக்க முயன்றபோது, அழைப்புச் செயலிக்குக் கட்டியிருந்த மாதக் கட்டணத்தின் கெடு முடிந்திருந்தது. சம்பளம் கைக்கு வர இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. ஐந்தாம் நாள் இருவரும் பேசியபோதுதான் நடந்தது தெரியவந்தது. கொடுத்த சொல்லை மீறும் வழக்கம் பெரியப்பாவிடம் இருந்ததில்லை. அந்தக் காணி இன்று வேறொருவருடையது.

இக்கதையில் ஓர் அழைப்பு இரண்டு தடவை அறுந்தது. முதலாவது, படிக்கட்டில், ஒரு வைபைப் பெட்டியின் எல்லை முடிந்து மற்றொன்றின் எல்லை தொடங்கும் இடத்தில். இரண்டாவது, மாதக் கட்டணத்தின் கெடு முடிந்த நள்ளிரவில். முதலாவது அறுப்புக்கு உலகம் ஏறத்தாழ மருந்து கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவதற்கான மருந்து பொறியியலாளர் கையில் இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொள்வது, வளைகுடாவில் உறவுகளை வைத்திருக்கும் எமது வாசகர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

ஒரு விநாடிக்கு ஐம்பது பொதிகள்

கசற் நாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்குத் திரும்புபவரிடம் கொடுத்தனுப்பிய 1980களின் வளைகுடா வாழ்க்கையை மூத்தவர்கள் நினைவுகூர்வர். போர்க்காலத்தில் தொலைபேசியில்லாதிருந்த யாழ்ப்பாணத்தவர்கள், வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்பதற்கென்றே வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, 'கொமினிகேசன்' கடை வாங்கில்களில் மணிக்கணக்காகக் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. கசற் போய்ச் சேர மாதமும் ஆகலாம். ஆயினும் அதில் ஒரு சொல்லும் நடுவில் அறுந்ததில்லை.

இன்றைய அழைப்பு வேறு வகையானது. இணையவழிக் குரலழைப்பில் எமது பேச்சு ஒரே நூலாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டாக வெட்டப்பட்டு, ஒரு விநாடிக்கு 50 சிறு பொதிகளாக அனுப்பப்படுகின்றது. மறுமுனையில் அவை வரிசையாக அடுக்கப்பட்டு மீண்டும் குரலாகின்றன. ஓரிரு பொதிகள் தொலைந்தால் கேட்பவர் அறியமாட்டார். முன்னைய ஒலியைச் சற்று நீட்டிக் கருவியே இடைவெளியை நிரப்பிவிடும். பத்துப் பதினைந்து பொதிகள் தொலைந்தால் ஓர் அசையே போய்விடும். வாயிலிருந்து புறப்பட்ட ஒலி மறுகாதை அடைய எடுக்கும் நேரம் 150 மில்லிவிநாடிக்கு உட்பட்டிருந்தால் உரையாடல் இயல்பாக நிகழும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறும் அளவாகும்.

'ண்டாம்' என்ற ஒலியை உச்சரிக்க எமக்கு ஏறத்தாழ 300 மில்லிவிநாடி போதும். அதாவது, 15 பொதிகள். பெரியப்பாவின் காணி அந்தப் பதினைந்து பொதிகளில் இருந்தது.

இதில் எமது மொழியின் இயல்பையும் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைச்சொல்லுக்கு முன்னரே வந்துவிடுகின்றது. தமிழிலோ 'போகவில்லை', 'தரமாட்டேன்', 'விற்க வேண்டாம்' என மறுப்பு வாக்கியத்தின் வாலில் வந்து நிற்கின்றது. வால் அறுந்தால் தமிழ் வாக்கியம் தன் பொருளுக்கே எதிராகத் திரும்பிவிடும்.

பனையும் தென்னையும்

நடந்துகொண்டே பேசும் ஒருவரின் அழைப்பை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்கு அறாமல் மாற்றுவதைக் 'கைமாற்றம்' எனலாம். இதனை விளங்கிக்கொள்ள எமது நாட்டின் மரமேறிகளையே உதாரணமாகக் கொள்வோம்.

வடக்கில் பனையேறும் தொழிலாளி ஒரு மரத்தில் ஏறிக் கள்ளை இறக்கிய பின், கீழே இறங்கி, நடந்து சென்று, அடுத்த மரத்தில் முதலிலிருந்து ஏறுகிறார். தெற்கே களுத்துறை, வாதுவைப் பகுதிகளில் தென்னங்கள் இறக்குவோர் அவ்வாறு செய்வதில்லை. மரத்தின் வட்டுக்கும் அடுத்த மரத்தின் வட்டுக்கும் இடையே இரண்டு தும்புக் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். கீழ்க்கயிற்றில் கால்வைத்து, மேல்கயிற்றைக் கையாற் பற்றி, மண்ணில் இறங்காமலே மரத்துக்கு மரம் அவர் போய்விடுவார். அந்தக் கயிறு அவர் புறப்படும்போது கட்டப்பட்டதன்று, முன்னரே கட்டப்பட்டது. கைமாற்றத்தின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியுள்ளது.

கைத்தொலைபேசித் துறை இதனை முதலிலேயே உணர்ந்திருந்தது. பரந்த நிலப்பரப்பைச் சிறு சிறு அறுகோணக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் நிறுத்தலாம் என்ற எண்ணத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் 1947இல் ஒரு குறிப்பாக எழுதினார். ஒரு கூறிலிருந்து மற்றொரு கூறுக்கு ஓடும் வாகனத்தின் அழைப்பை அறாமல் மாற்றும் முறைக்கு, அதே ஆய்வுகூடத்தின் ஏமஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். 1982இல் ஐக்கிய அரபு இராச்சியத்தில் எதிசலாத் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. மத்திய கிழக்கில் அதுவே முதலாவது என்பர். 1994இல் அங்கு 'ஜிஎஸ்எம்' எனப்படும் இரண்டாம் தலைமுறைச் சேவை வந்தது.

இம்முறையில் முடிவெடுப்பது வலையமைப்பே. கையிலுள்ள தொலைபேசி ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு தடவை, தனக்குக் கேட்கும் அயற்கோபுரங்களுள் வலிமைமிக்க ஆறின் அளவுகளைத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். அவற்றைப் பார்த்து, அடுத்த கோபுரத்தில் இடம் ஒதுக்கி வைத்த பின்னரே "இனி அங்கே செல்" என்று வலையமைப்புக் கட்டளையிடும். மூன்றாம் தலைமுறையில் இரு கோபுரங்களோடு ஒரே வேளையில் பேசும் வசதியும் வந்தது. நான்காம் தலைமுறை மீண்டும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்கும் முறைக்கே திரும்பியது. எனினும் விடுவதற்கு முன் அடுத்த இடத்தை ஆயத்தம் செய்யும் ஒழுங்கை அது கைவிடவில்லை.

வைபை ஏன் பனையேறியாயிற்று?

வைபையின் வரலாறு வேறு. 1997இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியியலாளர் அமைப்பு 802.11 என்ற நியமத்தை வெளியிட்டபோது, அதை வகுத்தோரின் கண்முன் இருந்தது மேசைக் கணினியும் மடிக்கணினியுமே. ஒரு மேசையிலிருந்து எழுந்து வேறொரு மேசைக்குச் செல்பவருக்கு இரண்டு விநாடி தாமதம் ஒரு பொருட்டன்று. ஆகவே எப்போது எந்த அணுகுமுனையை விடுவது, எதைப் பிடிப்பது என்ற முடிவு கருவியிடமே விடப்பட்டது. வைபைப் பெட்டியைத்தான் இங்கு அணுகுமுனை என்கிறோம்.

கருவி இம்முடிவை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் அது தன் பழைய பெட்டியை விடமாட்டாது. சமிக்ஞை நலிந்து நலிந்து உயிர்போகும் தறுவாய் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய கருவியைத் தொழில்நுட்பவியலாளர் 'ஒட்டுண்ணி' எனக் கேலி செய்வதுண்டு. பின்னர் திடீரென விழித்து, ஒவ்வோர் அலைவரிசையாகச் சென்று "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். கேளாமல் காத்திருந்து அறிய முற்பட்டாலும், அணுகுமுனைகள் தம்மை அறிவிப்பது விநாடிக்குப் பத்துத் தடவையளவே. எனவே ஓர் அலைவரிசைக்கு 100 மில்லிவிநாடி போய்விடும். 2003இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, கைமாற்றத் தாமதத்தின் 90 வீதத்திற்கும் மேற்பட்ட பகுதி இந்தத் தேடலிலேயே கழிவதைக் கண்டனர்.

தேடிக் கண்டபின் அடையாளம் காட்டவேண்டும். 2004இல் வைபையின் பாதுகாப்பு நியமம் வலுப்படுத்தப்பட்டது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு புதிய பெட்டிக்கும் செல்லும்போது, எங்கோ இருக்கும் மையக் கணினியிடம் தன்னை நிரூபித்து, புதிய இரகசியச் சாவி பெறவேண்டியதாயிற்று. அதற்குப் பல நூறு மில்லிவிநாடிகள் செல்லலாம். ஒரு விநாடியையும் தாண்டலாம். பனையிலிருந்து இறங்கி, வேலியைக் கடந்து, காவலாளிக்கு விளக்கம் சொல்லி, அடுத்த பனையில் ஏறும் கதைதான் இது. அந்த ஒரு விநாடியில் 50 பொதிகள் வீதியிற் சிந்திவிடுகின்றன.

கயிறு கட்டும் வேலை 2008இல் நடந்தது. அவ்வாண்டில் இரண்டு துணை நியமங்கள் நிறைவெய்தின. 802.11கே என்பது, அயலிலுள்ள அணுகுமுனைகளின் பட்டியலைக் கருவிக்கு முன்கூட்டியே கொடுக்கின்றது. கருவி இருட்டில் துழாவவேண்டியதில்லை. 802.11ஆர் என்பது, முதலில் ஒரு தடவை நிகழ்ந்த அடையாளச் சரிபார்ப்பிலிருந்தே அயற்பெட்டிகளுக்கான சாவிகளை முன்னரே உருவாக்கி வைக்கின்றது. போய்ச் சேர்ந்ததும் கதவு திறக்கும். 2011இல் வந்த 802.11வி, "உனக்கு அந்தப் பெட்டியே உகந்தது" என்று வலையமைப்பு கருவிக்கு ஆலோசனை கூற வழிசெய்தது. மூன்றும் ஒழுங்காக இயங்கினால் மாற்றம் 50 மில்லிவிநாடிக்குள் முடியலாம். இரண்டு மூன்று பொதிகளே தவறும். 'வேண்டாம்' என்ற சொல் சற்றே கம்மினாலும் முழுதாகப் போய்ச் சேரும்.

ஐபோன்கள் 2012 முதல் இந்த நியமங்களுள் முதலிரண்டையும் அறிந்துள்ளன. எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. பெட்டியும் அறிந்திருக்கவேண்டும், தொலைபேசியும் அறிந்திருக்கவேண்டும், அமைப்பவர் அவ்வசதியை இயக்கியும் இருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பனையேற்றமே.

இடம்மாறும் சுவர்கள்

நாம் முன்னர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியபோது எம்மிடம் பயின்ற ஒருவர், இன்று அபுதாபியில் ஒரு மருத்துவமனையின் கம்பியில்லா வலையமைப்பைப் பராமரிக்கிறார். ஆசிரியர் மாணவராகி அவரிடம் கேட்டறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

"சேர், பெட்டி எத்தனை பூட்டினம் எண்டதில ஒண்டுமில்லை. நடக்கிற ஆள் எந்த வழியால நடப்பார் எண்டதைத்தான் முதலில பார்க்கவேணும்" என்றார் அவர். மருத்துவமனையில் தாதியர் சட்டைப்பையில் கம்பியில்லாத் தொலைபேசியுடன் ஓடித்திரிகின்றனர். நோயாளியின் கட்டிலருகே தொடங்கும் பேச்சு நீண்ட நடையில் தொடர்ந்து, மின்தூக்கிக்குள் புகுந்து, மருந்தகத்தில் முடிகின்றது. ஒரு மருந்தைக் கொடுக்கச் சொல்லும் குரலுக்கும் நிறுத்தச் சொல்லும் குரலுக்கும் இடையில் ஓர் அசையே இருக்கக்கூடும். எனவே அவரும் சக ஊழியரும் கட்டடம் முழுவதும், மாடிப்படிகள் உட்பட, அளவுக்கருவியுடன் நடந்து பார்க்கின்றனர். குரலழைப்புக்குரிய சமிக்ஞை எங்கும் கழித்தல் 67 'டிபிஎம்' என்னும் அளவுக்குக் கீழ் இறங்கக்கூடாது என்பதும், அயற்பெட்டிகளின் பரப்புகள் 15 முதல் 20 வீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும் என்பதும் அவர்கள் பின்பற்றும் நடைமுறை அளவுகள்.

வளைகுடாவின் கட்டடங்கள் இதற்கு இலகுவானவையல்ல. வெயிலைத் திருப்பியனுப்ப உலோகப் பூச்சிட்ட கண்ணாடி, வானலையையும் திருப்பியனுப்புகின்றது. இரும்புக்கம்பி நிறைந்த தடித்த சீமெந்துச் சுவர்கள் அதனை விழுங்குகின்றன. மின்தூக்கியோ ஓர் இரும்புப் பெட்டி. 1979இல் திறக்கப்பட்ட ஜெபல் அலித் துறைமுகம் போன்ற இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. கொள்கலன்களை அடுக்கி வைத்தால் அதுவே ஒரு தெரு. நாளை அவை கப்பலேறினால் அந்தத் தெரு இல்லை. சுவர்கள் நாள்தோறும் இடம்மாறும் ஓர் ஊரில், நேற்று அளந்த அளவு இன்றைக்கு உதவாது. 2009 செப்ரெம்பர் 9ஆம் நாள் திறக்கப்பட்ட டுபாய் மெற்றோவில் சாரதியே இல்லை. ஓடும் தொடருந்துக்கும் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையிலான தொடர்பு அறாதிருந்தாலன்றி அது நகரமாட்டாது. அங்கே தொடர்பு அறக்கூடாது என்பது திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

தொழிலாளர் விடுதியில் அதனை எழுதுவோர் அரிது. எமது உறவினர் தங்கியிருந்த இடத்தில் மாடிக்கொரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு கடவுச்சொல். அறையொன்றில் எண்மர், அறைக்கொரு தொலைபேசித் தொகுதியென்றால் எல்லாப் பெட்டிகளும் ஒரே அலைவரிசையில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருக்கும். அங்கே கயிறு கட்டவே வழியில்லை. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் தொலைபேசி முற்றிலும் புதிய வலையமைப்புக்குள் நுழைகின்றது. அதன் இணைய முகவரியே மாறிவிடுகின்றது. மறுமுனையிலுள்ள செயலி பழைய முகவரிக்கே பொதிகளை அனுப்பிக்கொண்டிருக்கும். நல்ல செயலியென்றால் சில விநாடிகளில் தன்னைத் திருத்திக்கொள்ளும். இல்லையேல் அழைப்பு மாண்டுவிடும்.

பேசுபவர் தமது குரல் எந்தச் சொல்லில் அறுந்தது என்பதை ஒருபோதும் அறிவதில்லை. இதுவே இத்தகைய அறுப்பின் கொடுமை. வீதியில் கடிதம் தொலைந்தால், பதில் வராதபோது ஐயம் எழும். பாதிச் சொல் தொலைந்தால் ஐயமே எழுவதில்லை.

நள்ளிரவில் நிகழும் அறுப்பு

இனி, இரண்டாவது அறுப்பு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 1976இல் எதிசலாத் நிறுவப்பட்டது. 2003இல் தொலைத்தொடர்பு ஒழுங்கமைப்பு அதிகாரசபை அமைந்தது. 2007இல் 'டு' என்ற இரண்டாவது நிறுவனம் சேவைக்கு வந்தது. இணையவழிக் குரலழைப்புச் சேவையை அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்கள் ஊடாக மட்டுமே வழங்கலாம் என்பது அந்நாட்டின் விதி. வட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி செல்லும், படம் செல்லும், பதிந்த குரல் செல்லும். நேரடிக் குரலழைப்பு மட்டும் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டே வந்துள்ளது. ஓரளவு இயங்கிவந்த ஸ்கைப் 2018 பிறக்கும் வேளையில் அங்கே நின்றுபோனது. 2025 மே மாதத்தில் அச்சேவை உலகெங்குமே மூடப்பட்டது.

2018 ஜனவரியில் அதற்கு மாற்றாக 'பொட்டிம்', 'சீமீ' ஆகிய இரு செயலிகள் அனுமதிக்கப்பட்டன. கைத்தொலைபேசிக்கு மாதம் 50 திர்ஹம், வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹம் என எதிசலாத் கட்டணம் அறிவித்தது. 50 திர்ஹம் என்பது 13 அமெரிக்க டொலருக்குச் சற்று அதிகம். அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது ஒரு மதிய உணவின் விலை. களஞ்சியசாலையில் மூட்டை தூக்குபவருக்கு அது, ஊருக்கு அனுப்பும் தொகையிலிருந்து ஒவ்வொரு மாதமும் எடுத்துவைக்கவேண்டிய பணம். இணைய இணைப்புக்கு அவர் ஏற்கெனவே கட்டணம் செலுத்திவிட்டார் என்பதையும் மறக்கலாகாது.

தடையை ஏய்த்துச் செல்லும் குறுக்குவழிச் செயலிகளை இளைஞர்கள் நாடுவதை நாம் அறிவோம். அவற்றைப் பரிந்துரைக்க எமக்கு மனமில்லை. ஒரு குற்றத்தைச் செய்வதற்காகவோ, அது வெளிப்படாதிருப்பதற்காகவோ இணைய முகவரியை மறைப்போருக்கு 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டப்பணம் விதிக்க 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஓர் அழைப்புக்காக ஒரு வாழ்நாளைப் பணயம் வைக்கலாகாது.

நிறுவனங்களின் தரப்பு வாதமும் உண்டு. பாலைவனத்தில் கோபுரம் நாட்டி, கடலடியில் கம்பி இழுத்து, பெரும் பணம் முதலிட்டோர் நாம். எமது வலையமைப்பின் மீது பிறர் இலவசமாகச் சவாரி செய்வது முறையா என்று அவர்கள் கேட்கின்றனர். இதனைப் பொருளற்ற கேள்வி என்று நாம் ஒதுக்கவில்லை. எனினும், அயலிலேயே அதற்கு விடையும் உண்டு. சவூதி அரேபியா 2017 செப்ரெம்பரில், தன் விதிகளுக்கு அமைந்த இணைய அழைப்புச் செயலிகளுக்கு வழிதிறந்தது. அதனால் அங்கே கோபுரங்கள் சரிந்துவிடவில்லை. ஐக்கிய அரபு இராச்சியமும் 2020 மார்ச் மாதத்தில், பெருந்தொற்று மூண்ட வேளையில், வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் கல்வி கற்பதற்குமாக சூம், ரீம்ஸ் முதலிய செயலிகளைத் திறந்துவிட்டது. தேவை எனக் கண்டால் திறக்க முடியும் என்பதை அந்நாடே காட்டிவிட்டது. அலுவலகக் கூட்டம் அறாதிருப்பது தேவையாயின், ஒரு தகப்பனும் மகனும் பேசுவது அறாதிருப்பதும் தேவையே அல்லவா?

பொறியியலாளர் கற்றுக்கொண்ட பாடம் எளியது: அடுத்த பிடி உறுதியாகும் வரை முன்னைய பிடியை விடாதே. மாதக் கெடு முடிந்த நள்ளிரவில் அழைப்பை அறுக்கும் ஒழுங்குமுறை அப்பாடத்தைக் கற்கவில்லை. சம்பள நாள் வரை தவணை தரும் ஒரு சிறு கயிறு அங்கே கட்டப்பட்டிருந்தால்கூட எமது பெரியப்பாவுக்குச் செய்தி வேளைக்குப் போயிருக்கும்.

எம்மால் இயன்றவை

ஒழுங்குமுறை மாறும் வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. விடுதியில் பெட்டிகளைப் பராமரிப்பவர் எமது ஆளாயின் அவரிடம் சில வேண்டுகோள்களை வைக்கலாம். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்து, அவற்றை ஒரே வலையமைப்பாக இணைக்கச் சொல்லுங்கள். 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த பெட்டிகளை 1, 6, 11 ஆகிய ஒன்றிலொன்று மோதாத அலைவரிசைகளில் அமைக்கச் சொல்லுங்கள். பெட்டிகளின் வலுவை உச்சத்தில் வைப்பது நன்மையென்று பலர் எண்ணுகின்றனர். பெட்டியின் குரல் தொலைபேசிக்குக் கேட்கும், தொலைபேசியின் சிறு குரல் பெட்டிக்குக் கேட்காது. ஆகவே மிதமான வலுவே நல்லது. மாடிப்படியிலும் நடைகூடத்திலும் ஒரு பெட்டி இருக்கட்டும். மேற்சொன்ன கே, ஆர், வி வசதிகள் அப்பெட்டிகளில் இருப்பின் அவற்றை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர் வசதியை இயக்கியதும் பழைய தொலைபேசிகள் சில இணைய மறுப்பதுண்டு என்பதையும் சொல்லி வையுங்கள்.

இவற்றுக்கு வழியில்லாதோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காசு, காணி, மருந்து, திருமணம் பற்றிய பேச்சை நடந்துகொண்டு பேசாதீர்கள். ஓரிடத்தில் நின்று பேசுங்கள். கேட்பவர் முடிவை ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். எழுத்தறிந்த ஒருவர் வீட்டில் இருப்பின், பேசி முடித்ததை ஒரு வரியாக எழுதியும் அனுப்பிவிடுங்கள். தொடர்பு அறுந்தால் இரு பக்கத்தாரும் ஒரே வேளையில் மீண்டும் அழைக்க முற்படுவர். இருவருக்கும் 'வேறோர் அழைப்பில் உள்ளார்' என்ற பதிலே கிடைக்கும். முதலில் அழைத்தவரே மீண்டும் அழைப்பார் என்று குடும்பத்துக்குள் ஒரு விதி செய்துகொள்ளுங்கள். வளைகுடாவில் இரவு எட்டு மணி என்றால் ஊரில் ஒன்பதரை. ஊரார் உறங்குமுன் பேச்சை முடிக்கவும் வேண்டும்.

சென்ற மாதம் எமது உறவினருடன் பேசினோம். அவர் இன்றும் சார்ஜாவில்தான் இருக்கிறார். காணி போனதைப் பற்றி அவர் பேசுவதில்லை, பெரியப்பாவும் பேசுவதில்லை. ஆனால் அவர் பேசும் தமிழ் சற்று மாறியிருப்பதை நாம் கவனித்தோம். தாயார் மருத்துவச் செலவுக்கென நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்ன செய்தியை எமக்குக் கூறி, தாம் கொடுத்த மறுமொழியையும் சொன்னார்.

"வேண்டாம் அம்மா, வேண்டாம். நகையை வைக்க வேண்டாம்."

மறுப்பை இப்போது அவர் வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்.